பெருந்தொற்றுக் காலத்து மலையக மாணவர் மனநிலை

நோய் மனிதனுக்கு அச்சத்தைத் தருவது என்பதே பொதுவான எண்ணம். ஆயின், தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எண்வகை மெய்ப்பாட்டுக்கும் தனித்தனியே நந்நான்கு காரணங்களைக் கூறுமிடத்துப் பிணியை அச்சத்தின்பாற் சேர்த்திலர். அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்னும் நான்குமே அவர் காட்டும் அச்சத்தின் காரணங்கள். பிணியை அவர் வைத்த இடம் இளிவரல். மூப்பு, வருத்தம், மென்மை என்பவற்றோடு அதனை ஒருங்கு வைத்தார். மென்மை என்பதற்கு நல்குரவு, அஃதாவது வறுமை, என உரையாசிரியர் பொருள் காண்பர். இளிவரல் என்பது பிறர்முன் தன்னைத் தாழ்ந்தவனாக எண்ணிக் கூசும் உணர்வு. பிணியும் வறுமையும் ஒரு வரிசையில் நின்று மனிதனைக் கூசவைக்கும் என்று அப்பேராசான் கண்ட நுட்பத்தின் பொருளை, 2020 ஆம் ஆண்டுக்குப் பின்னரே யான் முழுதும் உணர்ந்தேன்.

கொவிட்-19 பெருந்தொற்று பல்கலைக்கழக மாணவரின் மனத்தை எவ்வாறு தாக்கியது என்பது பற்றி உலகெங்கும் எழுதப்பட்டுள்ளது. அவற்றுட் பெரும்பாலானவை அச்சம், பதகளிப்பு, தனிமை என்பவற்றையே முதன்மையாகக் கொள்வன. அவை பொய்யல்ல. எனினும், திம்புள்ளப் பள்ளத்தாக்கின் தேயிலைத் தோட்டங்களுக்குத் திரும்பிவந்த மாணவரை அணுகி நோக்கின், அவர்களை வாட்டியது நோய்பற்றிய அச்சத்தினும் இளிவரலே என்பது என் துணிபு. அதனை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் நடந்தவற்றைச் சுருங்க நோக்குவோம். 2020 மார்ச் 11 ஆம் நாள் உலக சுகாதார நிறுவனம் இந்நோயைப் பெருந்தொற்று என அறிவித்தது. இலங்கையின் பாடசாலைகளும் பல்கலைக்கழகங்களும் அம்மாத நடுப்பகுதியில் மூடப்பட்டன. மார்ச் 20 ஆம் நாள் நாடெங்கும் ஊரடங்குச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. விடுதிகளை விட்டு மாணவர் ஓரிரு நாளில் வெளியேற நேர்ந்தது. இரண்டு வாரத்திற் திரும்பலாம் என்று எண்ணி நூல்களையும் குறிப்பேடுகளையும் அறையிலேயே விட்டுவந்தவர் பலர். அதன்பின் ஒக்டோபரில் இரண்டாம் அலை, 2021 சித்திரைப் புத்தாண்டின் பின் மூன்றாம் அலை, அவ்வாண்டு ஓகஸ்ற் 20 முதல் ஒக்டோபர் 1 வரை மீண்டும் ஊரடங்கு எனக் காலம் நீண்டது. நான்காண்டுப் பட்டத்தில் ஏறத்தாழ இரண்டாண்டு லயத்துக் காம்பராவிற் கழிந்தது.

உலகளாவிய நிலையை ஒரு கணக்கினாற் காட்டலாம். 2021 ஒக்டோபரில் 'லான்செற்' என்னும் மருத்துவ இதழில் வெளியான ஆய்வு, 2020 ஆம் ஆண்டிற் பெருந்தொற்றின் விளைவாகப் பெரும் மனச்சோர்வு நோய் ஏறத்தாழ 5 கோடியே 30 இலட்சம் பேரையும், பதகளிப்பு நோய் ஏறத்தாழ 7 கோடியே 60 இலட்சம் பேரையும் மேலதிகமாகப் பற்றியதென மதிப்பிட்டது. முதியோரினும் இளையோரும், ஆடவரினும் பெண்டிரும் மிகுதியாகப் பாதிக்கப்பட்டனர் என்பதும் அதன் முடிபு. நோய்க்கிருமி உயிர்பறித்தது பெரும்பாலும் முதியோரை. மனத்தை வருத்தியதோ பெரும்பாலும் இளையோரை. அச்சமொன்றே காரணமாயின் இக்கணக்குத் தலைகீழாக அமைந்திருக்க வேண்டுமன்றோ?

இளிவரலின் மறுதலை பெருமிதம். அதற்குத் தொல்காப்பியர் கூறும் நான்கு காரணங்களுள் முதலாவது கல்வி. தறுகண், புகழ், கொடை என்பன அதன் பின்னரே வருவன. தோட்டத்திலிருந்து ஒரு பிள்ளை பல்கலைக்கழகம் புகும் நாளைக் கண்டவர்க்கு இவ்வரிசையின் உண்மை விளங்கும். இலவசக் கல்வி இந்நாட்டில் 1945 இல் வந்தது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றதோ 1970களிலேதான். இடைப்பட்ட ஒரு தலைமுறைக் காலம் எம்மவர் அக்கல்விக்குப் புறத்தே நின்றனர். ஆகவே, இன்று பல்கலைக்கழகம் செல்லும் தோட்டத்துப் பிள்ளை தன் குடும்பத்தில் மட்டுமன்றி, பல வேளைகளில் தன் லயத்திலேயே முதல்வனாக, முதல்வியாகச் செல்கின்றது. கோயிலிற் பூசை நடக்கும். சந்தியிற் பெயர்ப்பலகை எழும். பெரட்டுக் களத்திற் பெற்றோரின் பேச்சே மாறும்.

அப்பிள்ளைக்குப் பல்கலைக்கழகம் தரும் முதற்பேறு விரிவுரையன்று, ஒரு மேசை. ஒரு கட்டில், ஒரு விளக்கு, தான் விரும்பும் நேரம் வரை எரியவிடும் உரிமை. பேராதனையில் அருணாசலம் மண்டபம் என்றொரு விடுதி உண்டு. 1906 இல் இலங்கைக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டுமென்று சங்கம் அமைத்தவரும், 1919 இல் தொழிலாளர் நலனுக்கென ஓர் அமைப்பைத் தொடக்கித் தோட்டத் தொழிலாளரின் உரிமைக்குக் குரல்கொடுத்தவரும் ஒருவரே; அவரே சேர். பொன்னம்பலம் அருணாசலம். அவர் பெயர் தாங்கிய மண்டபத்திற் தோட்டத்துப் பிள்ளைக்கு ஓர் அறை கிடைப்பது தகுதியானதே.

அந்த அறையே 2020 மார்ச்சில் மூடப்பட்டது. திரும்பிவந்த இடம் எது? லயத்துக் காம்பரா பொதுவாகப் பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவினது. முன்னே இஸ்தோப்பு, பின்னே அடுப்படி. அதனுள் ஐவரோ அறுவரோ உறங்கி எழுவர். அண்டைக் காம்பராவின் பேச்சு கூரைக்கும் சுவருக்கும் இடையே இறங்கிவரும். பெருந்தொற்றுக் காலத்தில் நகரத்து அறிஞர் சிலர் நியூற்றனை எடுத்துக்காட்டி மாணவரை ஊக்கினர்; 1665 இற் பிளேக் நோயாற் கேம்பிரிட்ஜ் மூடப்பட, ஊருக்குத் திரும்பிய அவ்விளைஞர் கணிதத்திலும் ஒளியியலிலும் பெருஞ் சாதனை புரிந்தார் என்பர். உண்மைதான். ஆயின், நியூற்றன் திரும்பியது தம் குடும்பத்துக்குச் சொந்தமான பண்ணை வீட்டுக்கு. அவருக்கு அங்கே கதவுள்ள ஓர் அறை இருந்தது.

முன்னிருந்த நல்ல நிலை கெட்டு வேறொரு நிலை எய்தி வருந்துதலைத் தொல்காப்பியர் 'அசைவு' என்னும் சொல்லாற் குறித்து, அழுகையின் காரணங்களுள் ஒன்றாக வைத்தார். இளிவும் இழவும் வறுமையும் அதன் உடனிருப்பவை. விடுதியை அறியாது லயத்திலேயே இருந்த தங்கைக்கு இல்லாத துயரம், விடுதியிலிருந்து திரும்பிய அக்காளுக்கு ஏன் வந்தது என்பதற்கு இதனினும் தெளிவான விளக்கத்தை யான் வேறெங்கும் கண்டிலேன்.

இனி, நிகழ்நிலைக் கல்வியை நோக்குவோம். இலங்கைக் கல்வி ஆராய்ச்சி வலையமைப்பு பல்கலைக்கழகங்களை 'சூம்' வழியே இணைத்ததும், பல்கலைக்கழகத் தளங்களுக்குச் செல்லும் தரவுக்கு 2020 இற் கட்டணம் அறவிடாது விட்டதும் பாராட்டுக்குரியன. ஆயின் தரவு இலவசமாயினும் அலை வரவேண்டுமே! செல்லிடத் தொலைபேசியின் வானொலியலைகள் பெரும்பாலும் நேர்கோட்டிற் செல்வன. இடையில் மலைமுகடு நிற்பின் மறுபக்கம் நிழலாகிவிடும். தலவாக்கலை, லிந்துலை, அக்கரபத்தனைப் பக்கத்துத் தோட்டங்களிற் துரையின் பங்களா மேட்டில் இருக்கும். லயங்கள் பெரும்பாலும் சரிவின் மடிப்பில், ஓடையை அடுத்து இருக்கும். காப்பிக் காலத்தில் வகுத்த அவ்விட அமைப்பு, இருபத்தோராம் நூற்றாண்டில் எவருக்கு அலை எட்டும், எவருக்கு எட்டாது என்பதையும் தீர்மானித்தது. மாணவர் தேயிலை மலையேறி, கோயில் மேட்டிலும் நீர்த்தாங்கியின் மேலும் அமர்ந்து விரிவுரை கேட்டனர். பதுளை மாவட்டத்தின் பொகிட்டியாவ என்னும் கிராமத்துப் பிள்ளைகள் காட்டுவழியே நடந்து குன்றேறிப் பாடம் கேட்டமை 2021 இல் உலகச் செய்தியாயிற்று. திம்புள்ளவில் வைகாசி முதல் புரட்டாதி வரை தென்மேற்குப் பருவமழை. குடையின் கீழ் ஒரு கையிற் தொலைபேசியும் மறுகையிற் பேனாவுமாக நின்றவர்களை நானே கண்டேன்.

மலையேறுதலும் மழையும் உடலுக்கு வருத்தமே. மனத்தை உடைத்தது வேறு. என்னிடம் உயர்தர வகுப்பிற் பயின்று பல்கலைக்கழகம் புகுந்த மாணவி ஒருத்தி, அதிகம் பேசாதவள், தமிழ்ப் பாடத்தில் மிக வல்லவள். ஒருநாள் விரிவுரையாளர் அனைவரையும் கமராவைத் திறக்குமாறு பணித்தார். அவர் தீய நோக்குடையவரல்லர். முகங் காணாது கற்பித்தல் எத்துணைக் கடினம் என்பதை ஆசிரியராகிய நாம் அறிவோம். அவள் இஸ்தோப்பில் அமர்ந்து திறந்தாள். பின்னே கொடியில் ஈரத்துணி. கோழியொன்று குறுக்கே நடந்தது. அண்டை வீட்டில் உரத்த சண்டை. வகுப்பிற் சிலர் சிரித்தனர், அவ்வளவே. அன்றுமுதல் அவள் பெயர் மட்டுமே திரையில் தோன்றிற்று. பின்னர் அதுவும் தோன்றவில்லை. சில வாரங் கழித்து என்னிடம் அவள் சொன்னது: "நோய்க்குப் பயமில்ல சேர். கமராவப் போடச் சொல்வாங்களோன்னுதான் விடிஞ்சதுமே நெஞ்சு அடிக்குது."

இக்கூற்றிற் கல்வியே இளிவரலுக்குக் காரணமாகிவிட்டதைக் காண்கிறோம். மூன்றாண்டாக எவரும் அறியாதிருந்த வீடு ஒரு நொடியில் வகுப்பறையாயிற்று. விடுதியிலே எல்லாரும் ஒரே கட்டில், ஒரே மேசை. அச்சமநிலையை இந்நோய் பறித்தது.

இனி அடுத்த காரணம் பெற்றோரைப் பற்றியது. நாடு முழுதும் வீட்டுள் அடங்கிய 2020 மார்ச், ஏப்ரல் மாதங்களிற் தேயிலைத் தோட்டங்கள் மூடப்படவில்லை. அரசு அவற்றுக்கு விலக்களித்தது. கொழுந்து காத்திருக்காது, சித்திரை மழைக்கு அது மளமளவென்று எழும் காலம். 1883 முதற் கொழும்பில் நேரிற் கூடி நடந்துவந்த தேயிலை ஏலம், 2020 ஏப்ரலில் முதன்முறையாக இணையவழிக்கு மாறியது. சில வாரங்களுள் தேயிலைக்குக் கிடைத்த இணைப்பு, அதனைப் பறித்தவளின் மகளுக்குக் கிடைக்க மலையேற வேண்டியிருந்தது என்பதை ஒரு குறிப்பாக மட்டும் சொல்லி மேற்செல்கிறேன்.

ஆகவே, காலையிற் பெரட்டுக்குத் தாயும் தந்தையும் செல்ல, இருபத்திரண்டு வயது மகன் காம்பராவிற் தொலைபேசியுடன் அமர்ந்திருப்பான். அக்காலத்து அடிப்படை நாட்கூலி ரூபாய் 700. மாதம் இருபத்தைந்து நாட் பேர் விழுந்தாலும் 17,500. நிறுவை குறைந்தால் அரைப்பேர். (ரூபாய் 1000 என்னும் நாட்கூலி 2021 மார்ச்சிலேதான் வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது.) பிள்ளையின் தொலைபேசி அக்கூலியில் ஒரு மாதத்தை, சில வீடுகளில் இரு மாதத்தை விழுங்கியிருக்கும். தாய் எதுவும் சொல்லமாட்டாள். சொல்லாமையே அவனைச் சுடும். படிப்பை இடையில் விட்டுக் கைக்காசுக்குக் கொழுந்தெடுக்கச் சென்ற ஓர் இளைஞனிடம் காரணம் வினவியபோது, "அம்மா நனைஞ்சு வாராங்க, நான் காஞ்சு கிடக்கிறேன்" என்றான். அதனைப் பொருளாதாரக் காரணம் என்று பதிவேட்டிற் குறித்துவிடலாம். அவன் குரலிற் கேட்டது பொருளாதாரமன்று.

பெண் மாணவியரின் நிலை இதனினும் கடிது. வீட்டில் இருக்கின்றாள் எனின் அடுப்படியும் தண்ணீரும் தம்பி தங்கையரின் பாடமும் அவள்மேல் விழும். பட்டப்படிப்பு முடியும் காலம் தள்ளிப்போகப் போகத் திருமணப் பேச்சு நெருங்கிவரும்.

நிற்க. நோயினால் ஒதுக்கப்படுதல் எம்மக்களுக்குப் புதிதன்று. முன்னோர் மண்டபம் முகாமிற் தடுத்துவைக்கப்பட்டு, பரிசோதிக்கப்பட்டே இத்தீவுக்குட் புகுந்தனர். லயத்தில் அம்மை கண்டபோதும் ஒதுக்கம் இருந்தது. ஆயின் அவ்வொதுக்கத்திற்கு ஒரு மதிப்பு இருந்தது. வாயிலில் வேப்பிலை, உள்ளே இருப்பவரிடம் அம்மனே வந்திருக்கிறாள் என்னும் எண்ணம், தாழ்ந்த குரலிற் பேச்சு, தலைக்கு நீர்விட்டபின் ஒரு வழிபாடு. நோயாளி தாழ்த்தப்படவில்லை. கொவிட் காலத்தில் வாயிலில் ஒட்டப்பட்டது தனிமைப்படுத்தல் அறிவித்தல். கொழும்பிலிருந்து திரும்பியவரே நோய் கொணர்ந்தவர் என்னும் பேச்சு 2020 ஒக்டோபரின் பின், பேலியகொடை மீன்சந்தைத் தொற்றைத் தொடர்ந்து, மலைத் தோட்டங்களில் வலுத்தது. ஊர் பெருமிதத்தோடு வழியனுப்பிய பிள்ளையை அதே ஊர் விலகிநின்று பார்த்தது. அம்மை வழக்கத்தை மருத்துவமாக யான் பரிந்துரைக்கவில்லை. நோயுற்றவனைக் கூசவையாது ஒதுக்கிவைக்கும் முறை ஒன்று எம்மிடம் இருந்தது என்பதையே குறிக்கின்றேன்.

இவ்வுணர்வு எவ்வாறு நோயாக மாறுகின்றது? ஆபத்து நேரின் உடல் அதனை எதிர்க்க ஆயத்தமாகும், அதிரீனற் சுரப்பி கோட்டிசோல் முதலிய ஓமோன்களைச் சுரக்கும், நெஞ்சு விரையும், உறக்கம் நீங்கும். குறுகிய ஆபத்துக்கு இது துணை. முடிவுதேதி இன்றி மாதக்கணக்கில் நீடிக்கும் நெருக்கீட்டுக்கு இது பகை. உறக்கம் குலையும், கவனமும் நினைவாற்றலும் தளரும். ஒரு பக்கத்தை மும்முறை படித்தும் மனத்திற் பதியாது. மாணவன் இதனை ஓர் உடலியல் நிகழ்ச்சியாகக் காணான், "என் மூளை மழுங்கிவிட்டது, நான் இந்த இடத்துக்கு உரியவன் அல்லன்" என்றே முடிவுகட்டுவான். கூச்சம் உறக்கத்தைக் கெடுக்க, உறக்கக்கேடு படிப்பைக் கெடுக்க, படிப்பின் கேடு கூச்சத்தை மிகுவிக்க, இச்சுழலில் அகப்பட்டோர் தேர்வுக்குத் தோற்றாது விட்டனர். சோம்பல் என்று பிறர் எண்ணினர்.

எம்மவர் மனத்துயரை மனத்துயர் என்று கூறுவது அரிது. தலைப்பாரம், நெஞ்செரிவு, கைகால் உளைச்சல் என்பர். உளைச்சல் என்னும் சொல் உடலுக்கும் மனத்துக்கும் பொதுவாய் நிற்பது நோக்கத்தக்கது. "பிள்ளைக்கு யோசனை கூடிப்போச்சு" எனத் தாய் சொல்வாளாயின், அவள் கூறுவது சிந்தனையையன்று, கவலையை. இச்சொற்களைச் செவிமடுக்கும் ஆசிரியர் ஒன்றை அறிந்திருத்தல் வேண்டும். துயரம் வேறு, மனச்சோர்வு நோய் வேறு. இரண்டு வாரத்துக்கு மேலாக, நாளின் பெரும்பகுதியும் மனம் இருண்டு, முன்பு விரும்பியவற்றிலும் நாட்டமற்று, உறக்கமும் பசியும் மாறி, தான் பயனற்றவன் என்னும் எண்ணம் மிகுமாயின் அது மருத்துவ உதவியை வேண்டும் நிலை. சாவைப்பற்றிய பேச்சு எழுமாயின் ஒருநாளும் காத்திருத்தலாகாது. அங்கொடையிலுள்ள தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கம் இருபத்துநான்கு மணிநேரமும் இதற்கென உண்டு. உளவளத்துணைக்கு 1333 என்னும் இலக்கமும் உண்டு. ஆதார வைத்தியசாலைகளில் உளநல வைத்திய அதிகாரிகள் கடமையாற்றுகின்றனர். தமிழில், அதிலும் தோட்டத்துத் தமிழில், பொறுமையுடன் கேட்கவல்ல உளவளத்துணையாளர் மலையகத்தில் மிகச் சிலரே என்பதும் மறைக்கற்பாலதன்று. ஆகையால், தன் பழைய மாணவனைத் தொலைபேசியில் அழைத்து, "பாடம் எப்படி?" என்று கேளாது "உறக்கம் எப்படி?" என்று கேட்கும் ஓர் ஆசிரியர், முதற் கதவாக அமைய முடியும்.

பெருந்தொற்றின் அவசரநிலை 2023 மே 5 ஆம் நாள் முடிந்ததாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. எம் மாணவருக்கு அது அவ்வாறு ஒருநாளில் முடியவில்லை. 2022 இற் பொருளாதார நெருக்கடி. பதின்மூன்று மணிநேரம் வரை நீண்ட மின்வெட்டு. எரிபொருள் இன்மையால் மீண்டும் நிகழ்நிலை விரிவுரை. அதன்பின் விடுதி திரும்பியோருட் சிலர் வகுப்பிற் பின்வரிசையை நாடினர். வினா எழுப்பக் கூசினர். மேற்கூறிய மாணவி ஓராண்டு பிந்திப் பட்டம் பெற்றாள். கைக்காசுக்குச் சென்றவன் திரும்பவில்லை. இப்போது நுவரெலியாவில் மரக்கறித் தோட்டமொன்றிற் கணக்கெழுதுகின்றான்.

இன்னொரு முறை பல்கலைக்கழகங்கள் மூடப்படுமாயின் செய்யத்தக்கது ஒன்று உண்டு. அதற்குப் பெருஞ் செலவில்லை. தொழிற்சாலைக்கு விலக்களிக்க முடிந்த அரசு, தோட்டப் பாடசாலையின் ஓர் அறைக்கும் விலக்களித்தல் இயலும். பிரிந்திருக்க ஆறு மேசை, மின்விளக்கு, அலை எட்டும் உயரத்தில் ஓர் இணைப்பு, பின்புறத்தில் வெள்ளைச் சுவர். கமராவைத் திறக்கச் சொன்னாற் தயக்கமின்றித் திறக்கலாம். திறப்பு அதிபரிடம் இருக்கட்டும். மாலை ஆறு மணிக்குப் பின்னும் கொடுக்கப்படட்டும். எங்கள் பகுதிப் பாடசாலை ஒன்றில் 2021 இறுதியில் இவ்வாறு ஓர் அறை சில மாதம் திறந்திருந்தது. முதல் வாரம் வந்தவர் இருவர். பின்னர் ஒன்பதின்மர் வரை வந்தனர். மின்கட்டணத்தைப் பழைய மாணவர் ஏற்றனர்.